பசை படிந்த கைகளும் வுழூவின் தூய்மையும்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எமது உயிரிலும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே! இளைஞர்களே! பெற்றோர்களே!

எமது பள்ளிவாசலின் முன் வரிசையில் வழமையாகக் காணப்படும் ஓர் இளைஞர் சில வாரங்களாக அங்கு காணப்படவில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த பின்னர் ஒரு பாஸிடம் தொழில் பழகச் சென்றவர் அவர். குழாய் பொருத்துதல், தரைக்கு டைல்ஸ் பதித்தல், கதவு நிலைகளின் ஓரங்களுக்கு சிலிக்கன் இடுதல் எனக் கட்டட வேலைகள் அனைத்தையும் ஆர்வத்தோடு கற்று வந்தார். அவருடைய தந்தை ஒரு நாள் என்னிடம் வந்து, "ஹஸரத், கையிலே நாலு காசு புழங்கத் தொடங்கியதும் மகன் தொழுகையை விட்டுவிட்டான்" என்று மனம் நொந்து முறையிட்டார்.

நான் அந்த இளைஞரைச் சந்தித்துக் காரணம் கேட்டேன். அவர் பதில் கூறாமல் தமது இரு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் பசை காய்ந்து ஓடு போலப் படிந்திருந்தது. தின்னரால் கழுவிக் கழுவி உள்ளங்கைத் தோல் வெடித்திருந்தது. இடது பெருவிரலில் பிளேடு கீறிய காயம் சீழ் பிடித்திருந்தது. பின்னர் அவர் சொன்னார்: "ஹவ்ழருகே ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடு தொழுதால் ஒரு தொழுகையும் கூடாது என்றார். சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. கூடாத தொழுகையைத் தொழுது என்ன பயன் என்று நின்றுவிட்டேன், ஹஸரத்."

சகோதரர்களே! அந்தப் பிள்ளை சோம்பலினால் தொழுகையை விடவில்லை. தொழுகையைப் பிழையாகத் தொழுதுவிடுவேனோ என்ற அச்சத்தினால் விட்டார். சட்டத்தைச் சொன்னவர் அதற்குரிய வழியைச் சொல்லவில்லை. வழி தெரியாத பிள்ளை தன் கையைப் புண்ணாக்கிக் கொண்டார். காரணத்தை விசாரிக்காத தந்தை அவரை அலட்சியக்காரர் என்று எண்ணினார். இந்நிலை எமது ஊர்களில் எந்த வீட்டிலும் ஏற்படக்கூடியது என்பதனாலேயே இன்றைய உரையின் தலைப்பாக இதனை எடுத்துக் கொண்டேன்.

முதலில் மார்க்கத்தின் சட்டத்தை விளங்கிக் கொள்வோம். சூரா அல்-மாயிதாவின் 6ஆவது வசனத்தில் முகத்தையும், முழங்கை வரை கைகளையும் கழுவுமாறும், தலையைத் தடவுமாறும், கணுக்கால் வரை கால்களைக் கழுவுமாறும் அல்லாஹ் கட்டளையிடுகின்றான். கழுவுதல் என்றால் நீர் தோலைச் சென்றடைய வேண்டும். வுழூச் செய்த ஒருவரின் பாதத்தில் ஒரு நகத்தின் அளவு இடம் நனையாதிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று வுழூவை அழகாகச் செய்யுமாறு அவரைப் பணித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதனடிப்படையில் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரும் ஹிஜ்ரி 676இல் வபாத்தானவருமான இமாம் நவவி (ரஹ்) அவர்கள், மெழுகு, பிசைந்த மா போன்றவை உறுப்பில் படிந்து நீரைத் தடுத்தால், அது சிறிதாயினும் பெரிதாயினும் சுத்தம் நிறைவேறாது என விளக்கியுள்ளார்கள். அதே வேளை மருதோன்றியின் பொருள் நீங்கி நிறம் மட்டும் எஞ்சியிருந்தால் அது தடையாகாது என்பதையும் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஆகவே நகத்தால் நெருடும்போது படலமாகத் தட்டுப்படும் பசை தடையாகும். பசை நீங்கிய பின் எஞ்சும் கறையோ நிறமோ தடையல்ல. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பல இளைஞர்களின் வீண் சந்தேகம் நீங்கிவிடும்.

நேயர்களே! பசையை நீக்க வேண்டும் என்பது சட்டம். கையைப் புண்ணாக்க வேண்டும் என்பது சட்டமல்ல. இக்கைகள் அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் கை கழுவும் பழக்கம் எமது தொழிலாளர்களிடம் உண்டு. இவை தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை உரித்தெடுத்து, வெடிப்பையும் அழற்சியையும் உண்டாக்குகின்றன. வெடித்த தோலினூடாக நச்சுப் பொருள்கள் உட்செல்வதும் இலகுவாகின்றது. பிளேடால் சுரண்டுவது அதைவிட ஆபத்தானது. பசை எத்தகையது என்பதை அறிந்தால் அதற்குரிய மென்மையான வழியும் கிடைத்துவிடும்.

ஓடாவிமார் பயன்படுத்தும் வெள்ளை நிற மரப்பசை நீரில் இளகக் கூடியது. காய்ந்திருந்தாலும் சவர்க்காரம் கரைத்த இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் கையை ஊற வைத்துத் தேய்த்தால் உரிந்துவிடும்.

மேசைத் தகடு, தரை விரிப்பு முதலியவற்றை ஒட்டும் இறப்பர்ப் பசைக்குத் தேங்காயெண்ணெய் போதுமானது. நன்றாகத் தடவிச் சில நிமிடங்கள் விட்டு, விரல்களை ஒன்றோடொன்று உருட்டித் தேய்த்தால் பசை திரண்டு வரும்.

சிலிக்கன் கையில் பட்டால் உடனே நீர் ஊற்றக் கூடாது. முதலில் காய்ந்த துணியாலோ கடதாசியாலோ துடைத்தெடுத்து, எஞ்சியதை எண்ணெய் தடவி உருட்டியெடுத்து, அதன் பின்னரே சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும்.

சுப்பர் குளூ என்பது 1958ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த ஒரு பசை வகையாகும். தோலின் ஈரத்தினாலேயே அது நொடிப்பொழுதில் இறுகிவிடும். இரு விரல்கள் ஒட்டிக் கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள், தோல் கிழிந்துவிடும். சவர்க்காரம் கரைத்த இளஞ்சூடான நீரில் ஊற வைத்து, மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசற்றோனைச் சில துளிகள் மாத்திரம் இடலாம். காயத்தின் மீதும் கண்ணருகிலும் அதனைப் பயன்படுத்தவே கூடாது. இலகுவில் தீப்பற்றக் கூடியதாதலால் அடுப்பின் அருகிலும் சிகரட் எரியும் இடத்திலும் அதனைத் திறக்காதீர்கள். இறுகாத சுப்பர் குளூவைப் பஞ்சால் துடைப்பதும் ஆபத்தாகும். பஞ்சுடன் சேர்ந்து அது கடுஞ்சூட்டை உண்டாக்கித் தோலைச் சுட்டுவிடும். கண்ணில் பசை பட்டால் நீரால் மட்டும் கழுவிக் கொண்டு உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

டைல்ஸ் பதிக்கும் சீமெந்துக் கலவையை அற்பமாகக் கருத வேண்டாம். அதன் காரத்தன்மை மிகக் கடுமையானது. ஈரமான கலவை நெடுநேரம் தோலில் இருந்தால் வலி தெரியாமலேயே எரிகாயத்தை ஏற்படுத்தும். பட்டவுடன் தாராளமான நீரால் கழுவிவிட வேண்டும். எபொக்சிப் பசையும் இறுகுவதற்கு முன்னரே துடைத்துச் சவர்க்காரம் இட்டுக் கழுவப்பட வேண்டியதாகும். அது அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகி, பின்னர் தொழிலையே கைவிட நேரலாம்.

பொலியூரெத்தேன் என்னும் நுரைப் பசை இருக்கின்றதே, அது ஈரமாக இருக்கும்போது துடைத்தால் போகும். முற்றாக இறுகிய பின்னர் எந்தத் திரவத்திற்கும் அது இலகுவில் கரையாது. எண்ணெய் தடவி ஊற வைத்து, நுரைக்கல்லால் சிறிது சிறிதாகத் தேய்க்க வேண்டும். எஞ்சியது தோலின் மேற்படை உதிரும்போது சில நாட்களில் தானாகவே நீங்கிவிடும்.

எந்த முறையைக் கையாண்டாலும் இறுதியில் சவர்க்காரத்தால் எண்ணெயை நன்கு கழுவிவிட்டு வுழூச் செய்யுங்கள். நகங்களையும் கட்டையாக வெட்டிக் கொள்ளுங்கள். பசை அதிகமாக ஒளிந்து கொள்வது நகத்தைச் சுற்றியேயாகும்.

இனி, எவ்வளவு முயன்றும் தோலைக் காயப்படுத்தாமல் நீக்க முடியாத பசை ஒன்று எஞ்சிவிட்டால் என்ன செய்வது? தொழுகையை விடுவதா? ஒருபோதும் இல்லை. காயத்தின் மேல் இடப்பட்ட, அவிழ்க்க முடியாத கட்டுக்குரிய சட்டத்தை இதற்கு ஒப்பாகக் கொள்வர். மற்ற இடங்களைக் கழுவி, பசையின் மேல் ஈரக் கையால் தடவி, தயம்மும் செய்து உரிய நேரத்தில் தொழ வேண்டும். அத்தகைய கட்டு முகத்திலோ கையிலோ இருந்தால், அது நீங்கிய பின்னர் அத்தொழுகையை மீட்ட வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடாகும். உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கையை நேரில் காட்டி விளக்கம் பெறுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வுழூச் செய்து முடித்த பின்னர் ஒரு புள்ளிப் பசை கண்ணில் பட்டால், அதனை நீக்கி அவ்விடத்தைக் கழுவி, அதற்குப் பின்னால் வரும் உறுப்புகளையும் ஒழுங்குப்படி செய்து கொண்டால் போதுமானது. கையில் என்றால், அதன் பின்னர் தலையைத் தடவிக் கால்களைக் கழுவ வேண்டும். தொழுத பின்னர் கண்டால் அத்தொழுகையை மீட்டிக் கொள்ள வேண்டும்.

இளைஞர்களே! இன்னுமொரு இலகுவான வழி உண்டு. பசை வேலையைத் தொடங்கு முன்னரே வுழூச் செய்து கொள்ளுங்கள். வுழூவுக்குப் பின்னர் கையில் ஒட்டும் பசை வுழூவை முறிக்காது. வுழூவை முறிக்கும் காரியம் எதுவும் நிகழாதவரை அதே வுழூவோடு லுஹரைத் தொழலாம். கையுறை அணிந்து கொள்ளுங்கள். பசையைத் துடைக்கத் துணியொன்றை இடுப்பிலே வைத்துக் கொள்ளுங்கள். அதானுக்குக் கால் மணி நேரம் முன்னதாகக் கைகளைச் சுத்தம் செய்யத் தொடங்குங்கள்.

பாஸ்மார்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும், ஒரு கட்டிச் சவர்க்காரமும், ஒரு வாளி நீரும், கால் மணி நேர அவகாசமும் உங்கள் வேலைத்தளத்தில் இருக்குமாயின், அங்கு தொழும் ஒவ்வொருவரின் நன்மையிலும் உங்களுக்குப் பங்கு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் கையிலுள்ள பசை ஹலாலான உழைப்பின் அடையாளமாகும். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறி, தாவூத் (அலை) அவர்களை அதற்கு உதாரணமாகக் காட்டியதை புகாரி கிரந்தத்தில் காண்கிறோம். ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பிள்ளை தொழுகைக்கு வராவிட்டால், ஏசுவதற்கு முன்னர் ஏன் என்று கேளுங்கள். மாலையில் வேலை முடிந்து வரும் மகனின் கையில் எண்ணெய் தடவிவிடும் தாய், அவனைத் தொழுகையின் பக்கம் அழைக்கும் தாயாகவும் ஆகிவிடுகிறாள்.

பள்ளிவாசலில் பிறருக்குச் சட்டம் சொல்லும் பெரியவர்களே! தலையில் காயம்பட்ட ஒருவர் குளிப்புக் கடமையானபோது, உடன் சென்றோர் அவருக்குச் சலுகையில்லை என்றனர். அவர் குளித்து, அதனாலே இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், தெரியாததை அவர்கள் கேட்டறிந்திருக்கக் கூடாதா எனக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதில் இது இடம்பெற்றுள்ளது. அறையும் குறையுமாகச் சொல்லப்படும் சட்டம் ஒருவரைப் பள்ளிவாசலிலிருந்து அப்புறப்படுத்திவிடும் என்பதற்கு நான் ஆரம்பத்தில் கூறிய இளைஞரே சாட்சி.

அவரது காயத்திற்கு வைத்தியரிடம் மருந்திட்டோம். காயம் ஆறும் வரை எவ்வாறு தொழுவது என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். எஞ்சிய பசை எண்ணெயாலும் பொறுமையாலும் நான்கைந்து நாட்களில் நீங்கியது. மீண்டும் ஸுப்ஹுக்கு அவர் வந்த அன்று, அவருடைய தந்தை அவர் அருகே நின்று தொழுதார்.

இறுதியாக ஒன்று. பசை ஈரமாக இருக்கும்போது துணியால் துடைத்தாலே போய்விடும். காய்ந்த பின்னர் எண்ணெயும் உழைப்பும் தேவைப்படும். உள்ளத்தில் படியும் பாவமும் அத்தகையதே. தவ்பாவைப் பிற்படுத்தினால் அது இறுகிவிடும். ஆயினும் எவ்வளவு இறுகினாலும் அல்லாஹ்வின் அருளுக்கு அது கரையாததல்ல. அதே சூரா அல்-மாயிதாவின் வசனம், அல்லாஹ் எம்மைச் சிரமப்படுத்த விரும்பவில்லை, தூய்மைப்படுத்தவே விரும்புகிறான் என்ற கருத்தோடு நிறைவு பெறுவதை மறந்துவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எமது இளைஞர்களின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! அவர்களின் கைகளைக் காயங்களிலிருந்தும், உள்ளங்களை நிராசையிலிருந்தும் பாதுகாப்பாயாக! எமது வுழூவையும் தொழுகையையும் ஏற்றுக் கொள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.