சுறாவின் சதையும் துடுப்பும்



பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறாப்புட்டுக் கொடுத்தால் பால் நன்கு ஊறும் என்பது நம் கடற்கரை ஊர்களில் வழிவழி வந்த நம்பிக்கை. பால்சுறா என்னும் பெயரே இதற்குச் சான்றன்றோ! நாகையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ மைசூருக்கு வந்து குடியேறியவர்களும், மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் நாளில் மீன் அங்காடியில் அதைத்தான் தேடுவார்கள். மங்களூர்க் கடலுக்கும் இந்நகருக்கும் இடையே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இன்று மீன் ஐஸில் புதைந்து வருகிறது.

ஐஸ் இல்லாத காலத்திலும் சுறா கடலை விட்டு நெடுந்தூரம் சென்றதுண்டு. ஜப்பானில் ஹிரோஷிமாப் பகுதியின் வடபால் மியோஷி, ஷோபாரா என்னும் மலையூர்கள் உள்ளன. அங்கே சுறாவுக்கு ‘வனி’ என்று பெயர். புத்தாண்டிலும் திருவிழாவிலும் அதைப் பச்சையாகவே அரிந்து உண்பர். மற்ற மீன்கள் அழுகிவிடும் தொலைவுக்கு இது மட்டும் எவ்வாறு சென்றது? உப்புநீரில் வாழ்வதற்காகச் சுறா தன் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. இறந்தபின் அது அம்மோனியாவாக மாறுவதால் அழுகல் எளிதில் அணுகாது. நாற்றம் மூக்கைத் துளைப்பது வேறு செய்தி! நம் பெண்டிர் சுறாவை வேகவைத்து, மணல்போன்ற தோலை நீக்கி, உதிர்த்து, துணியில் இட்டுப் பிழிந்த பிறகே வெங்காயம், இஞ்சி, பூண்டோடு வதக்குவது இந்த நாற்றத்தைப் போக்கத்தான்.

துடுப்பின் கதை வேறு. அது சீன விருந்துகளில் பெயர்பெற்ற சூப்புக்கு உரியது. அதிலுள்ள நார்களுக்குச் சொந்தச் சுவை கிடையாது. சுவையெல்லாம் இறைச்சி கொதித்த சாற்றினுடையது. எடோ காலத்தில் ஜப்பானியர் உலர்ந்த துடுப்பை நாகசாகித் துறைமுகம் வழியே சீனத்துக்கு விற்றனர். அந்நாட்டின் கெசென்னுமாத் துறையில் இன்றும் துடுப்பை உலர்த்துகிறார்கள். சதையை அரைத்து மீன் பண்டங்கள் செய்கிறார்கள். நம் மீனவர் வழக்கமும் முன்பு இதுவாகவே இருந்தது: சதை நமக்கு, துடுப்பு வெளிநாட்டுக்கு.

துடுப்பின் விலை ஏறியபோது, அதை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடுமை உலகின் பல கடல்களில் நிகழ்ந்தது. சுறாவோ மெல்ல வளர்வது. சில குட்டிகளையே ஈனுவது. இந்திய அரசு 2001-இல் சில சுறா, திருக்கை இனங்களைக் காப்புப் பட்டியலில் சேர்த்தது. புதுச்சேரியின் பெயர் தாங்கிய சுறாவும் அவற்றுள் ஒன்று. 2013-இல் துடுப்பைக் கடலிலேயே அறுத்தெடுப்பதும், 2015-இல் துடுப்பு ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டன.

இனி, சதைக்கு வருவோம். பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்கிறது. பெரிய சுறாவில் அது மிகுதி. அங்காடியில் துண்டாக வாங்குகிறவர் அதன் வயதை எங்ஙனம் அறிவார்? வேகவைத்துப் பிழிந்தால் நாற்றம் போகும், பாதரசம் போகாது. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறாவை விலக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் அறிவுரை. வீட்டிலுள்ள பாட்டிமார் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மங்களூரிலிருந்து வரும் ஐஸ் பெட்டிகளில் மத்தியும் நெத்திலியும் வருகின்றன. இவற்றில் பாதரசம் மிகக் குறைவு. மத்தியை வேகவைத்து முள்ளை நீக்கினால் அதிலும் புட்டுச் செய்யலாம்.