கடலைமிட்டாயில் பால் இல்லை



பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒருநாள் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இனிமே எனக்குத் தயிர் வேண்டாம்மா. பால், நெய், முட்டை எதுவும் வேண்டாம். நான் வீகன் ஆயிட்டேன்" என்று சொல்கிறது. பாட்டி பதறிப்போகிறார். அப்பா, "நாலு நாள்ல சரியாயிடும், விடு" என்கிறார். அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீகன் ஆனதாலேயே பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். கன்றுக்குரிய பாலை நாம் எடுத்துக்கொள்கிறோமே என்று அந்த வயதில் ஒரு மனம் வருந்துமானால், அது நல்ல மனம். உயிரிரக்கம் நமக்குப் புதிதும் இல்லை. பால், முட்டையையும் விலக்கிய உணவுமுறைக்கு 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கமே தொடங்கினார்கள். பருப்பு, பயறு, கொட்டைகள், எள், கீரை, சிறுதானியம் என்று யோசித்துச் சாப்பிட்டு, பி12 மாத்திரையையும் தவறாமல் எடுத்துக்கொண்டால், வளர்கிற பிள்ளைகளும் இந்த முறையில் நன்றாக வளர முடியும்.

என் கவலை வேறு. சாப்பிடாமல் இருப்பதற்கு மரியாதையான ஒரு காரணம் தேடுகிற பிள்ளைக்கு, இந்தக் கொள்கை மிக வசதியாகக் கைகொடுக்கிறது. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் கோளாறு என்ற மனநோய் இருந்த பெண்களில் 52 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் சைவ உணவுக்கு மாறியிருந்தார்கள். அந்தக் கோளாறு இல்லாத பெண்களில் அது 12 சதவீதம்தான். கோளாறு இருந்து சைவத்துக்கு மாறியவர்களில் பத்தில் நான்கு பேர், உடல் எடைக்காகவே மாறியதாகச் சொன்னார்கள். சைவம் நோயைக் கொண்டுவந்தது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. நோய் சைவத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கடலைமிட்டாயைக் கவனியுங்கள் என்பேன்.

கடலைமிட்டாயில் பால் இல்லை. வேர்க்கடலையும் வெல்லமும்தான். உயிரிரக்கத்தால் பாலை விட்ட பிள்ளை அதை ஆசையோடு எடுத்துச் சாப்பிடும். "தேங்காய்ப்பால்ல பாயசம் வெச்சுத் தாம்மா" என்று கேட்கும். எந்தக் கடையில் பால் சேர்க்காத ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டு வரும். தோசைக்கு நெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றி நாலு தோசை சாப்பிடும். அந்தப் பிள்ளையைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு பிள்ளை இருக்கிறது. முதலில் பால் போனது. அடுத்த மாதம் எண்ணெய் போனது. பிறகு சர்க்கரை, வெல்லம், வாழைப்பழம். பிறகு சோறு. பொரியலில் இருக்கும் தேங்காய்த்துருவலை ஒதுக்குகிறது, ஒரு இட்லியைப் பதினாறு துண்டாக்கி அரை மணி நேரம் வைத்திருக்கிறது. கடலைமிட்டாயை நீட்டினால் முகம் வெளிறுகிறது. எந்த உயிருக்கும் தீங்கு செய்யாத உணவைக் கண்டு அந்தப் பிள்ளைக்கு ஏன் பயம்? பட்டியல் மாதாமாதம் சுருங்குகிறதா, விலக்கியதற்கு ஈடாக வேறு எதையாவது பிள்ளை விரும்பிக் கேட்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். பால் குடிக்கிறதா இல்லையா என்பது அதற்கு அப்புறம்தான்.

நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிப்பதற்கு இன்னும் சில தடைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விரதம், ஏகாதசி என்று பட்டினிக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு உண்டு. பரீட்சை நேரத்தில் சாப்பிடாமல் படிக்கும் பிள்ளையைப் பொறுப்பான பிள்ளை என்கிறோம். கல்யாண வீட்டில் ஓர் அத்தை, "போன தடவை பார்த்தப்போ குண்டா இருந்தே, இப்ப அழகா இளைச்சிருக்கியே!" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிள்ளை மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்திருக்கும்.

குண்டாகிவிடுவேன் என்ற பயத்தை எல்லாப் பிள்ளைகளும் வெளியே சொல்லுவதும் இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், தம்மிடம் உணவுக் கோளாறோடு வந்த நோயாளிகளில் பலர் எடையைப் பற்றிப் பேசாமல், வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்றே சொன்னார்கள் என்று 1990களில் எழுதினார். நம் பிள்ளைகளும் அப்படிச் சொல்லலாம். "வயிறு நிறைஞ்சிடுச்சும்மா" என்ற பேச்சை நம்பி, வயிற்றுக்கு மட்டும் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மாதங்கள் ஓடிவிடும். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும். ஜிம், சிக்ஸ் பேக் என்ற பேச்சில் அது மறைந்துகொள்ளும்.

இனி நான் சொல்லப்போவது, இந்த உரையில் நீங்கள் மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிற பகுதி. வாட்சன் சங்கம் தொடங்கிய அதே 1944ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி உணவு கொடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, டர்னிப் கிழங்கு, மக்ரோனி மாதிரியானவை. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அவர்களுடைய மனதுக்கு என்ன ஆனது தெரியுமா? நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் அளைந்தார்கள், தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள். நண்பர்களிடமிருந்து விலகினார்கள். எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். கோடையிலும் குளிரில் நடுங்கினார்கள். சோதனை முடிந்து உணவு வந்த பிறகும் பலருக்குப் பல மாதங்கள் மனம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அவர்களில் யாருக்கும் இளைக்க வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. பட்டினி ஒன்றே அவர்களை அப்படி ஆக்கியது. ஆகையால், உங்கள் பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் எழுந்தால், சின்னக் கேள்விக்கும் கத்தினால், அதைத் திமிர் என்று எண்ணாதீர்கள். பசித்த மூளை பேசுகிறது. அந்த மூளையோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. முதலில் அதற்கு உணவு போக வேண்டும். மனதில் இருப்பதைப் பேசித் தீர்க்கும் தெம்பு அதற்குப் பிறகுதான் வரும்.

உடம்பு காட்டும் அடையாளங்களைச் சொல்கிறேன். பெண் பிள்ளைக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வரவில்லை. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. முடி கொத்தாக உதிர்கிறது, கையிலும் முதுகிலும் பூனைமுடி அடர்கிறது. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். நாடித்துடிப்பு பகலிலேயே நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உணவுக் கோளாறு இதயத்தைத் தாக்கும் நோய். 1983இல் அமெரிக்கப் பாடகி காரென் கார்ப்பென்டர் 32 வயதில் இதனால்தான் இதயம் செயலிழந்து இறந்தார். பார்வைக்கு ஒல்லியாக இருந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. பருமனாக இருந்த பிள்ளை சில மாதங்களில் வேகமாக இளைத்தாலும் அதே ஆபத்துதான். ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். நோய் நன்றாக முற்றும் வரைக்கும் ரத்தம் சரியாகவே காட்டலாம்.

சரி, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். "எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்றும் வேண்டாம், அந்த நோய் கேட்க விரும்பும் வார்த்தையே அதுதான். "நீ குளிர்ல நடுங்கறதைப் பார்க்கிறேன். எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம், நானும் கூட வரேன்" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பிள்ளை கோபப்படும், அழும். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் குழந்தைகள் நல மருத்துவரோ பொது மருத்துவரோ போதும். எப்போதிலிருந்து எதையெல்லாம் நிறுத்தினாள், எவ்வளவு இளைத்தாள், மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் பிறகு சேர்ந்துகொள்வார்கள். பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் அளவில் ஏற்ற வேண்டும்.

இந்த நோய் பெற்றோர் செய்த தவறால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சைமுறை, பெற்றோரையே மருந்தாக்கியது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் தீர்மானித்து, பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக முழுச் சாப்பாட்டையும் சாப்பிட வைக்கிறார்கள். உடம்பு தேறத் தேற அந்தப் பொறுப்பு பிள்ளைக்கே திரும்பிப் போகிறது. நோய் தொடங்கி மூன்று ஆண்டு ஆகாத இளம் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பலன் தந்தது. ஒரு பாட்டியோ பெரியம்மாவோ கூட உட்கார இருக்கும் நம் வீடுகளுக்கு இது கைவராத வித்தையா என்ன?

பிள்ளையின் கொள்கையை என்ன செய்வது? சிகிச்சை நடக்கும் காலத்தில் பால் பொருட்களைச் சேர்க்க வேண்டுமா என்பதை மருத்துவரோடும் பிள்ளையோடும் வெளிப்படையாகப் பேசி முடிவுசெய்யுங்கள். ஆனால் நெய்யை ஊற்றிவிட்டு எண்ணெய் என்று சொல்லாதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், உங்கள் கையால் வரும் எதையும் அந்தப் பிள்ளை நம்பாது. கொள்கைக்கு உள்ளேயே நிறைவாக ஊட்ட நம் சமையலில் இடமிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். எள்ளுருண்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், சோயா, முந்திரி அரைத்த குருமா, தேங்காய்ப்பால் ஆப்பம் எல்லாம் இருக்கின்றன. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். பி12 மட்டும் இவை எதிலும் நம்பத்தகுந்த அளவில் கிடையாது. ஈரலில் சேமித்துவைத்தது தீர ஆண்டுகள்கூட ஆகும் என்பதால் குறை தாமதமாகத்தான் தெரியும், கை கால் மரத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

வள்ளலாரின் ஜீவகாருண்யம் புலாலை மறுத்தது. அதே ஜீவகாருண்யம்தான் 1867இல் வடலூரில் அடுப்பை மூட்டிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டது. பசி தீர்ப்பதைத் தவிர்த்துவிட்டு அவருக்கு இரக்கம் என்று ஒன்று இல்லை. விலங்குகளுக்காக உருகும் ஒரு பிள்ளையிடம் இதைத் தாராளமாகப் பேசலாம். பசிக்கும் உயிர்களில் அவளும் ஒருத்தி.

வீட்டுக்குள் யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அழைப்பது பெற்றோராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியரும் தோழியும் அழைக்கலாம், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையும் அழைக்கலாம்.