உள்ளிருந்து கட்டிய வீடு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இங்கே சிவில் படித்துவிட்டு முப்பது வருடம் கட்டடம் கட்டியவன் நான். கொடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மகன் லண்டனில் இருக்கிறான். போன வருடம் போனபோது பார்த்தது. லண்டனுக்குத் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில் உள்ள 'ரெட் ஹவுஸ்'.

விக்டோரியா மகாராணி காலத்தில், 1859-60ல் கட்டிய வீடு. கட்டச் சொன்னவர் வில்லியம் மாரிஸ். வரைந்து கொடுத்தவர் அவருடைய நண்பர் பிலிப் வெப். இருவருக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை. வெப் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலையே அதுதான். தம்பிகள் கவனிக்கணும்!

அந்நாளில் வசதியுள்ளவர் வீடென்றால் செங்கல் தெரியாமல் காரை பூசி, முகப்பில் இருபுறமும் ஒரே அளவாக ஜன்னல் வைப்பது பெரிய நாகரிகம். வெப் சிவப்புச் செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட்டார். 'எல்' வடிவ வீடு, செங்குத்தான ஓட்டுக் கூரை, முற்றத்தில் கூம்புத் தொப்பி போட்ட கிணறு. ஜன்னல்களில் நீளமும் உண்டு, வட்டமும் உண்டு. உள்ளே எந்த இடத்துக்கு வெளிச்சம் வேண்டுமோ அங்கே ஜன்னல். வெளித்தோற்றம் அதன் பின்னால் வந்தது.

குறை இல்லாமலில்லை. முக்கிய அறைகள் வடக்குப் பார்த்தவை. நமக்கு அது சுகம்; அங்கே குளிர்காலத்தில் நடுக்கம்! மாரிஸ் ஐந்தே வருடம் இருந்துவிட்டு 1865ல் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த வீட்டை நண்பர்களோடு சேர்ந்து அலங்கரித்த அனுபவத்திலிருந்து 1861ல் ஒரு கைவினைக் கம்பெனியே பிறந்தது. 2003 முதல் நேஷனல் டிரஸ்ட் அந்த வீட்டைப் பாதுகாக்கிறது.

அங்கே நின்றபோது என் சொந்த வீடு நினைவுக்கு வந்தது. எலிவேஷன் அழகுக்காகச் சமையலறை ஜன்னலைச் சின்னதாக வைத்தவன் நான். பகலிலேயே லைட் போடணும். "இன்ஜினியர் கட்டின வீடு" என்று என் மனைவி இருபது வருஷமாகச் சொல்லிக் காட்டுவாள். ஊர் திரும்பியதும் சுவரை உடைத்து ஜன்னலைப் பெரிதாக்கினேன். முகப்பு கொஞ்சம் கோணல்தான். ஆனால் இப்போது அவள் வெயில் வெளிச்சத்தில் அரிசி களைகிறாள்.

மாணவச் செல்வங்களே, முதல் கோடு போடும் முன்னால், அந்த அறையில் நாள் முழுக்க நிற்கப்போவது யார் என்று கேளுங்கள். எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.