பனி எறியும் பொறியும் பத்து விரல்களும்

கனடா நாட்டின் மொன்றியல் நகரிலே மாரியென்றால் மழைக்காலமன்று, வெண்பனிக் காலம். இரவு கண்ணயர்ந்து காலையில் எழுவதற்குள் வாசற்படியும் வாகனப் பாதையும் முழங்காலளவு பனியில் மூழ்கிக் கிடப்பதுண்டு. கடுங்குளிரிலே அதனை மண்வாரியால் அள்ளுவது இதய நோயுள்ளோர்க்கு உயிராபத்தாகவும் முடியும்.

கியூபெக் மாகாணத்து ஆதர் சிக்காட் என்பார், கதிரடிக்கும் பொறியின் போக்கைக் கண்டு, பனியை வாரித் தூர எறியும் வண்டியொன்றை 1925ஆம் ஆண்டளவில் அமைத்தார். 1927இல் மொன்றியலை அடுத்த ஊத்திரமோன் நகரத்தார் அதனை விலைக்கு வாங்கினர். வீதிக்கென்று பிறந்த அப்பொறி, பின்னர் ஒருவர் தள்ளிச் செல்லும் அளவிற்குச் சிறுத்து வீடுகளுக்கும் வந்தது. ரொறன்ரோவிலே குடியேறிய யாழ்ப்பாணத்தவர் இல்லங்கள் சிலவற்றிலும் இன்று அதனைக் காணலாம்.

இப்பொறி இரு வகைத்து. ஒன்றிலே, ரப்பர் விளிம்புடைய திருகலகு தரையைத் தொட்டுச் சுழன்று பனியை வாரித் தானே எறியும். சீமெந்து அல்லது தார் பரவிய சிறிய பாதைக்கும், எட்டு அங்குலத்துக்கு உட்பட்ட பனிக்கும் இது போதும். சரளைக்கல் பாதையிலோ இது கல்லையும் சேர்த்து வாரி எறிந்துவிடும். மற்றதிலே, இரும்புத் திருகலகு பனியை உள்ளிழுக்க, பின்னாலுள்ள விசிறிச்சக்கரம் அதனைக் குழல்வழியே வீசும். இதன் அடித்தாங்கிகளை உயர்த்தினால் அலகு தரையைத் தொடாது; ஆதலால் சரளைப் பாதைக்கும் ஏற்றது. நகரசபை வண்டி வீதியைத் துப்புரவாக்கும்போது வாசலின் முன்னே தள்ளிவிட்டுப் போகும் இறுகிய பனி வரம்பை உடைக்கவும் இதுவே வல்லது. எனினும், நாலு பாகப் பாதைக்கு முப்பது அங்குல அகலப் பொறியை வாங்கிவிட்டு, அதைத் திருப்பவும் நிறுத்தவும் இடமின்றித் திண்டாடுவோரும் உளர். மின்கலத்தால் இயங்குவன ஓசை குறைந்தவை. ஆயினும் கடுங்குளிரில் மின்கலம் விரைவில் இளைத்துவிடும்.

இனி, கேட்போர் சிறப்பாக மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இப்பொறியால் நேரும் கொடிய காயங்களிற் பல, பொறி ஓடும்போது அல்ல, அடைபட்டு நிற்கும்போதே நேர்கின்றன. ஈரப்பனி கனமானது, குழலிலே களியாகச் செறிந்து அடைத்துக்கொள்ளும். வேலை தடைப்பட்ட எரிச்சலில் கை தானாகவே குழலுக்குள் செல்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டோம் என்ற துணிவும் கூடாது. அடைபட்ட சக்கரத்திலே முறுக்கம் எஞ்சி நிற்கக்கூடும். அடைப்பு நீங்கிய கணமே அது ஒருமுறை சுழலும். விரல்கள் போவதற்கு அவ்வொரு சுழற்சியே போதும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி, சாவியையோ மின்கலத்தையோ நீக்கி, அலகு அசைவற்றபின், பொறியோடு தரப்படும் கோலினாலேயே பனியைத் தள்ளல் வேண்டும். கைப்பிடியை விட்டதும் அலகை நிறுத்தும் நெம்புகோலைக் கயிற்றால் கட்டிவைப்பது, காவற்காரனைக் கட்டிப்போட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பது போன்றதாகும்.

திருகலகிலே, கல்லோ கட்டியோ சிக்கினால் முறிவதற்கென்றே மெல்லிய ஆணிகள் இடப்பட்டிருக்கும். அவை முறிந்தால் அதே வகை ஆணியையே இடவேண்டும். வலிமை கூடிய வேறு ஆணியை இட்டால், அடுத்தமுறை முறிவது ஆணியன்று, பற்சக்கரப் பெட்டியே.

பெற்றோல் பொறியைக் கதவு திறந்த கராஜினுள்ளும் இயக்கலாகாது. நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு வீட்டினுள்ளே பரவி உறங்குவோரையும் கொல்லும். எரிபொருளை வெளியிலே, இயந்திரம் ஆறியபின் ஊற்றுதல் நன்று. தொங்கும் கழுத்துத்துணி அலகில் சிக்கும். முதற்பனி விழுமுன்னரே கால்மிதி, தண்ணீர்க்குழாய், கற்கள் முதலியவற்றை அகற்றிப் பாதையின் இருமருங்கும் கோல்கள் நாட்டிவிடுவது முன்னறிவுடையோர் வழக்கம். குழலின் வாய் அயலவர் யன்னலையோ வீதியையோ நோக்காதிருக்க வேண்டும். பனியிலே விளையாட ஓடிவரும் குழந்தைகளை, வேலை முடியும்வரை வீட்டினுள்ளேயே நிறுத்திவைக்க ஒருவர் இருத்தல் அவசியம்.