விட்ட குறை, தொட்ட குறை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009-ல் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் படித்து முடித்தவன். "டெக்னிக்கலா ஏதாவது பேசு தம்பி, ஆனா யாரும் தூங்கிடாமப் பாத்துக்கோ" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். ஆகவே என் பொழுதுபோக்கைப் பற்றியே பேசுகிறேன். மேடையில் கிடார் வாசிப்பவரின் காலடியில் சின்னச் சின்ன டப்பாக்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் எஃபெக்ட்ஸ் பெடல்கள். காலால் மிதித்தால் கிடாரின் ஒலி மாறும். அவற்றை வீட்டிலேயே செய்வது கல்லூரி நாளிலிருந்து எனக்குப் பழக்கம். நன்றாக ஓடியவை ஓடட்டும். ஓடாதவற்றையும், பாதியில் விட்டவற்றையும் பற்றி இன்று பேசலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டின் நடுவே ஒரு பேஸ் கிடார் கரகரவென்று ஒலிக்கும். அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோவில், மிக்சரின் ஒரு சேனல் பழுதானதால் வந்த ஒலி அது. ஒலிப்பதிவு என்ஜினியர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதே கரகரப்பை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வரவழைத்தார். 1962-ல் கிப்சன் கம்பெனி அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' அந்த ஒலியை உலகமெல்லாம் பரப்பியது. பழுதுக்குக் காரணம் தேடினால் இப்படியும் நடக்கும்.

சரி, காரணத்தை எப்படித் தேடுவது? 1970-களில் வந்த எம்.எக்ஸ்.ஆர். டிஸ்டார்ஷன் பிளஸ் பெடலை எடுத்துக்கொள்வோம். ஒரு 741 ஆப்-ஆம்ப், இரண்டு டயோடு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு கைப்பிடி ரெசிஸ்டர், கெபாசிட்டர். அவ்வளவுதான். ஆப்-ஆம்ப் ஒலியைப் பெரிதாக்கும். டயோடுகள் அலையின் தலையை வெட்டும்.

பற்றவைத்து முடித்து, ஆசையாக மிதித்தால் சத்தமே இல்லை. உடனே ஐ.சி.யைப் பிடுங்கி வேறொன்று போடத்தான் கை பரபரக்கும். வேண்டாம். கேபிளைச் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இந்தப் பெடல்களில் இன்புட் ஜாக்தான் சுவிட்ச். பேட்டரியின் நெகட்டிவ் அதன் வழியாகத்தான் போகிறது. கேபிள் செருகாமல் மீட்டர் வைத்தால் எல்லாமே தப்பாகத்தான் காட்டும்.

அடுத்தது வோல்டேஜ். 7-ம் பின்னில் 9 வோல்ட், 4-ம் பின்னில் பூஜ்யம், 6-ம் பின்னில் சுமார் நாலரை இருக்க வேண்டும். 3-ம் பின்னில் 4 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டலாம்; பயப்படாதீர்கள். அங்கே இருப்பவை 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள். மீட்டர் தொட்டதுமே அதுவும் கொஞ்சம் கரண்டை இழுத்து அளவைக் குறைத்துவிடும். 6-ம் பின் சொல்வதை நம்பலாம்.

வோல்டேஜ் சரி, சத்தம்தான் வரலை என்றால், ஒரு பழைய கிடார் கேபிளின் முனையை வெட்டி, நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். ஷீல்டு கம்பி சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு, மறுமுனை ஆம்ப்ளிஃபையருக்கு. நண்பர் ஒருவர் கிடாரை மீட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கெபாசிட்டரின் நுனியால் இன்புட்டிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டு வாருங்கள். கடைசியாகச் சத்தம் கேட்ட இடத்துக்கும், முதலில் கேட்காமல் போன இடத்துக்கும் நடுவில் இருக்கிறது பழுது. டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: இதை 9 வோல்ட் பெடலில் மட்டும் செய்யுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் பல நூறு வோல்ட் இருக்கிறது. அங்கே கை வைக்கக் கூடாது.

இவ்வளவு தேடியும் சில பெடல்கள் ஓடாது. அப்போது நிறுத்துவதும் ஒரு என்ஜினியரிங் முடிவுதான். எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 பெடலை நான் அப்படித்தான் நிறுத்தினேன். அதற்கு நான்கு ஜே-ஃபெட் வேண்டும். நான்கும் ஒரே குணத்தில் இருக்க வேண்டும். நம் லேபில் ஜே-ஃபெட் என்றால் பி.எஃப்.டபிள்யூ.10தானே! அதன் கட்-ஆஃப் வோல்டேஜ் 8 வோல்ட் வரை போகலாம் என்கிறது டேட்டா ஷீட். சர்க்யூட்டிலோ இருப்பது 5.1 வோல்ட் செனர். கையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அளந்தேன். நான்கு ஒத்துவரவில்லை. அளவுகளையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி, போர்டோடு சேர்த்து டப்பாவில் போட்டு மூடினேன். சரியான ஜே-ஃபெட் நான்கு கொண்டு வருபவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

தம்பி தங்கைகளே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஓடாமல் போனால் மார்க் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் கடையில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி வந்து வைக்கிறார்கள். அது ஓடும், ஆனால் வாங்கியவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வில் நான் ஆட்களைப் பார்க்கும்போது "உன் ப்ராஜெக்டில் எது ஓடலை? எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றுதான் கேட்பேன். வாங்கி வந்தவர் அங்கேயே மௌனமாகிவிடுவார். பாதியில் நின்ற போர்டோடு மல்லுக்கட்டியவர் அரை மணி நேரம் பேசுவார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடாத ப்ராஜெக்டுக்கும், எதுவரை ஓடியது, ஏன் நின்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் உரிய மதிப்பெண் கொடுங்கள். எங்கள் 2009 செட் சார்பில் லேபுக்கு ஒரு தடித்த நோட்டும், பூட்டில்லாத ஓர் அலமாரியும் தருகிறோம். நின்றுபோன போர்டு அலமாரிக்கு, காரணம் நோட்டுக்கு. அடுத்த வருடத்து ஜூனியர் யாராவது அதை எடுத்துத் தொடரட்டும். "விட்ட குறை, தொட்ட குறை" என்பார்களே, நம் கல்லூரியில் ஒருவர் விட்ட குறையை இன்னொருவர் தொட்டு முடிக்கட்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வணக்கம்.