பாட்டி சொன்னது மாதம், நாள் அல்ல!

(பட்டிமன்றத் தலைப்பு: பிரசவ காலத்தைச் சொல்லக் கைகொடுப்பது பாட்டியின் பஞ்சாங்கமா? மருத்துவரின் கருவியா?)

நடுவர் அவர்களே! ஸ்கேன் படமும் கையுமாக அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி போட்டார். "பத்து மாசம் சுமந்தேன், பத்து மாசம் சுமந்தேன்னு சொல்றாங்களே, குழந்தை ஒன்பது மாசத்திலேயே பிறந்துடுதே! உங்க பாட்டிக்குக் கணக்கே வராதா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, கொஞ்சம் விரலை மடக்குங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். இது மருத்துவர் சொல்கிற கணக்கு. இதைத் தமிழ் மாதத்தில் வைத்துப் பாருங்கள். நம்ம ஆனிக்கு 32 நாள்கூட வரும். மார்கழிக்கு 29தான் வரும். சித்திரை முதல் தேதி தொடங்கி மார்கழி முடிய, ஒன்பது மாதத்துக்கு ஏறக்குறைய 276 நாள். ஐப்பசியில் தொடங்கி ஆனி முடிய எண்ணினால் 272. ஆக, ஒன்பது முடிந்தும் இன்னும் நாலு நாளோ எட்டு நாளோ பாக்கி. அந்தப் பாக்கி எந்த மாசம்? பத்தாம் மாசம்! ஒன்பது முடிந்து பத்து நடக்கும்போது பிள்ளை பிறக்கிறது. கணக்கு வராதது பாட்டிக்கா, உங்களுக்கா? (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்தது சொல்தான். கர்ப்பமாக இருக்கும் பெண்ணை நம் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? "முழுகாம இருக்கா." மாதாமாதம் தலைமுழுகுகிறவள் இந்த மாதம் முழுகவில்லை. எங்கே தொடங்கி எண்ண வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

ஜெர்மனியில் நேகலே என்று ஒரு மகப்பேறு மருத்துவர். 1778இல் பிறந்து 1851இல் மறைந்தவர். கடைசி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதம் பின்னால் போ, அடுத்த வருஷத்தில் வைத்துக்கொள் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. அவருக்கும் தொடக்கம் அந்த விலக்குதான்!

2023இல் என் தங்கை மகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். முன்னால் ஒரு கிராமத்துப் பெண். "கடைசியா எப்பம்மா விலக்கானே?" என்று நர்ஸ் கேட்கிறார். "தேதி நெனப்பில்லீங்கக்கா. தைப்பூசத்தன்னிக்குக் கோயிலுக்குப் போகலாம்னு கிளம்புனேன், போக முடியல. அன்னிக்குத்தான்." நர்ஸ் நாட்காட்டியைப் புரட்டினார். தைப்பூசம் பிப்ரவரி 5. கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நவம்பர் 12. உனக்குத் தீபாவளிப் பிள்ளைம்மா!"

இது தற்செயல் இல்லை. பூசம் பௌர்ணமியை ஒட்டியது. தீபாவளி அமாவாசையை ஒட்டியது. ஒன்பதரைச் சந்திரச் சுற்றுக்கு 280 நாள். 2024இல் ஜனவரி 25 பூசம், அக்டோபர் 31 தீபாவளி. எண்ணுங்கள், அதே 280! 2025இல் மட்டும் தீபாவளி ஓர் அமாவாசை முந்திக்கொண்டது. பண்டிகையை நம்பி எண்ணாதே, நாளை எண்ணு என்பதற்கு அது பாடம். ஆனால் தேதி தெரியாத அந்தப் பெண்ணுக்கு நினைவுக் கயிறாக இருந்தது எது? பூசம்தானே!

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலக்கு ஒழுங்காக வராத பெண்ணுக்கும், நாள் மறந்த பெண்ணுக்கும் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் சரியான வழிகாட்டி. ஆனால் அந்தக் கருவியும் உத்தேசமாகத்தான் சொல்லும். குறித்த நாளிலேயே பிறப்பது நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்துதான். பாட்டி இதை அறிந்தவள். "ஐப்பசிக் கடைசியில எதிர்பாருங்க" என்பாள். மாதத்தைச் சொல்லி, நாளைப் பிள்ளைக்கு விட்டுவிட்டாள்.

நாம் விடுகிறோமா? அதே பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறோம். "நல்ல நட்சத்திரமாப் பார்த்துச் சொல்லுங்க, ஆபரேஷன் வெச்சுக்கறோம்." பிள்ளைக்கு இன்னும் இரண்டு வாரம் வயிற்றில் வேலை இருக்கிறது. நுரையீரல் பக்குவப்பட வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுக்காதே என்கிறது மருத்துவம். நாமோ ரோகிணிக்காக அவசரப்படுகிறோம். ராஜயோகத்தில் பிறந்த பிள்ளை மூச்சுக்குத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தால், அந்த யோகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாய்மார்களே, விலக்கான நாளை நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் கேட்டால் அதைக் காட்டுங்கள். குறித்த நாள் தாண்டினால் "பாட்டி கணக்கு"ன்னு வீட்டில் உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பஞ்சாங்கம் எண்ணுவதற்கு. பிள்ளையை அவசரப்படுத்துவதற்கு அல்ல.

நடுவர் அவர்களே, தொடங்கிய நாளை நினைவில் வைத்து, முடியும் மாதத்தைச் சொல்லி, நடுவில் பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் பாட்டி. அவள் பக்கமே தீர்ப்பு வர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)