இலையில் முடியும் பயணம்: நடுத்தர மணி அரிசியின் தரமும் பயனும்

(அலுவலர்கள், மாணவர்களிடையே ஆற்றிய உரையின் வடிவம்)



அரிசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் எண்ணம் முதலில் விளைச்சலை நோக்கியே செல்கிறது. எக்டேருக்கு எத்தனை டன், கொள்முதல் எவ்வளவு, கிடங்கில் இருப்பு எவ்வளவு என்று கணக்கிடப் பழகியிருக்கிறோம். பற்றாக்குறையின் கொடுமையைக் கண்ட நாட்டிற்கு இக்கணக்கு இன்றியமையாததே. ஆனால் அரிசியின் பயணம் கிடங்கில் முடிவதில்லை. உண்பவர் இலையில் முடிகிறது. மனமுவந்து உண்ணப்படாத அரிசி, ஏட்டில் உணவாக இருந்தாலும் வீட்டில் உணவாவதில்லை. இக்கருத்தை நடுத்தர மணி அரிசியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

நடுத்தர மணி என்பது யாது? நம் நாட்டு நெல் ஆய்வாளர்கள் அரிசியை நீண்ட சன்னம், நீண்ட மோட்டா, குட்டை சன்னம், குட்டை மோட்டா, நடுத்தர சன்னம் என ஐந்து வகையாகப் பிரிக்கின்றனர். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த நீளமும், அகலத்தைப்போல் 2.5 முதல் 3 மடங்கு வரை நீளமும் உடையது நடுத்தர சன்னம். மசூரி, சம்பா மசூரி முதலியவை இவ்வகையின. பாசுமதி வேகும்போது நீளவாட்டில் வளர்வது அதன் சிறப்பு. நடுத்தர மணியின் சிறப்பு அளவான உதிரித் தன்மையும் மென்மையும் ஆகும்.

மணியின் வடிவம் கண்ணுக்குப் புலப்படும். சோற்றின் இயல்போ மணிக்குள் இருக்கும் மாவுப்பொருளைப் பொறுத்தது. அம்மாவுப்பொருளில் அமைலோஸ் என்னும் கூறு 25 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் சோறு உதிரியாக இருக்கும். ஆனால் ஆறியதும் பெரும்பாலும் இறுகிவிடும். 20 விழுக்காட்டிற்குக் குறைந்தால் குழைந்து ஒட்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவில் சோறு உதிர்ந்தும் மென்மையாகவும் அமையும். காலையில் வடித்து, நண்பகல் வயலிலோ அலுவலகத்திலோ உண்ணும் மக்களுக்கு, ஆறியபின் சோறு எப்படி இருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

சமையலில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். நம் நாட்டில் பல பகுதிகளில் சோறு தனித்து உண்ணப்படுவதில்லை. பருப்பையும் குழம்பையும் மோரையும் ஏற்றுக்கொள்ளவேண்டிய பொருள் அது. நடுத்தர சன்ன அரிசி, குழம்பை உறிஞ்சிக்கொண்டும் கூழாகிவிடாமல் நிற்கிறது. ஆந்திரத்துப் புளிஹோராவிற்கும் கர்நாடகத்துச் சித்ரான்னத்திற்கும் நன்கு பழகிய அரிசியை உதிரியாக வடித்து ஆறவிடுகிறார்கள். பிசிபேளே பாத்திற்கும் தயிர்ச்சோற்றிற்கும் அதே அரிசியைச் சற்றுக் கூடுதல் நீரில் குழைய வேகவிடுகிறார்கள். இட்லிக்கு மோட்டா புழுங்கலரிசி ஏற்றதெனினும், அன்றாடச் சோற்றிற்கு இல்லத்தரசியர் நடுத்தர சன்னத்தைத் தேடுவதற்குக் காரணம் இந்த இணக்கமே.

அறுவடையானவுடன் அரைத்த புதிய அரிசி குழையும். ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் இருப்பு வைத்த அரிசி அதிக நீரை ஏற்று, பருமனில் பெருகி, உதிரியாக வேகும். எனவே புதிய அரிசிக்கு நீரைக் குறைத்தும், பழைய அரிசிக்கு நீரைக் கூட்டியும் உலையிடுவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த அறிவு. ஆய்வுக்கூடம் அதன் காரணத்தையே பின்னர் எடுத்துரைத்தது.

இந்த அரிசி நமக்குக் கிடைத்த வரலாறும் அறியத்தக்கது. 1950-ஆம் ஆண்டுகளில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய வகைகளையும் ஜப்பானிய வகைகளையும் இணைக்கும் பன்னாட்டுத் திட்டம் நடைபெற்றது. அதன் வழிவந்து மலேசியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டதே மசூரி. அது இந்தியாவுக்கு வந்து பரவியது. தமிழ்நாட்டில் பொன்னி என்று பெயர் பெற்றது. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 நாட்டின் களஞ்சியத்தை நிரப்பத் துணைநின்றது; ஆயினும் அதன் சோறு ஆறினால் இறுகியது. விளைச்சலையும் சுவையையும் ஒருங்கே நாடிய முயற்சியின் பயனாக, 1986-இல் ஆந்திரத்தின் பாபட்லாவிலிருந்து பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரி வெளிவந்தது. கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24-உம் மசூரியும் அதன் முன்னோர்களுள் அடங்கும்.

ஆனால் உண்பவருக்கு இனிய ரகம் உழவருக்கு எளிய ரகமன்று. சம்பா மசூரி விளைய ஏறத்தாழ 145 முதல் 150 நாட்கள் ஆகும். பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு அது எளிதில் இரையாகும். ஐதராபாத்திலுள்ள இரு ஆய்வு நிறுவனங்கள் இணைந்து, நோய் எதிர்க்கும் மூன்று மரபணுக்களைக் கலப்பு முறையில் சேர்த்து, மேம்பட்ட சம்பா மசூரியை உருவாக்கின. அது 2008-இல் வெளியிடப்பட்டது. சோற்றின் இயல்பு மாறாமல் நோய் எதிர்ப்பு மட்டும் கூடியது இதன் சிறப்பு.

இனி விலையைப் பார்ப்போம். 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 'ஏ' தர நெல்லுக்கு 2,389 ரூபாய். வேறுபாடு 20 ரூபாய். அதாவது நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. தரத்தைப் பிரிப்பதும் மணியின் நீள அகல விகிதத்தைக் கொண்டே. கூடுதல் நாட்களையும் நோய் அச்சத்தையும் இந்த இருபது ரூபாய் ஈடுசெய்யுமா என்று உழவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. தெலங்கானா அரசு 2024 காரிஃப் பருவம் முதல் சன்ன ரகங்களுக்குக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை வழங்க முற்பட்டது. 2025 ஏப்ரலிலிருந்து நியாய விலைக் கடைகளில் சன்ன அரிசி வழங்கத் தொடங்கியது. இதன் செலவும் விளைவும் கூர்ந்து ஆராயப்பட வேண்டியவை. ஆயினும், ஏழையின் இலையிலும் சுவைக்கு இடமுண்டு என்னும் கொள்கை இதனால் ஏற்கப்பட்டிருக்கிறது.

அலுவலர்களாகிய உங்கள் கையிலும் சில பொறுப்புகள் உள்ளன. சன்ன மணி எளிதில் முறியும். நெல்லைக் கடும் வெயிலில் திடீரெனக் காயவிடாமல், கிளறிவிட்டுப் படிப்படியாக உலர்த்தி, ஈரப்பதம் 14 விழுக்காடு அளவில் இருக்கும்போது அரைத்தால் குருணை குறையும். விரும்பப்படும் பழைய அரிசியும் ஈரமும் பூச்சியும் புகாத கிடங்கிலேயே உருவாகும். கெட்ட கிடங்கில் அரிசி பழகுவதில்லை, பாழாகிறது. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய ரகம் ஒன்றை மதிப்பிடும்போது விளைச்சல் பதிவேட்டுடன் நின்றுவிடாதீர்கள். அதை வடித்து, சூடாக ஒருமுறையும் ஆறியபின் ஒருமுறையும் உண்டு பாருங்கள்.

பசி தீர்ப்பது முதற்கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் உண்பவரின் விருப்பத்தை மதிப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே. அளந்து போடும் அரிசி அமர்ந்து உண்ணத்தக்க சோறாகும்போதுதான் நம் பணி நிறைவுறும்.